பருத்த நாய் இளைக்குமா? அரை நூற்றாண்டு விடைகள்

வீட்டு நாய் பருத்துவிட்டால், மருந்தோ அறுவையோ இல்லாமல் இயல்பான வழியிலேயே அதை இளைக்கவைக்க முடியுமா? கால்நடை மருத்துவத்தில் இந்தக் கேள்விக்குக் குறைந்தது ஐம்பது வயது. 1970இல் பிரிட்டனில் ஆயிரம் நாய்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு, அவற்றில் 28 சதவீதம் பருத்தவை என்று கண்டது. 1986இல் அதே நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பார்த்த கணக்கெடுப்பு, ஏறத்தாழ நான்கில் ஒன்று என்றது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுக்கான ஒரு கணக்கு 59 சதவீதம் என்கிறது. இந்த எண்களை அப்படியே வரிசையில் வைத்து ஒப்பிட முடியாது. ஒன்று மிகவும் பருத்தவற்றை மட்டும் எண்ணுகிறது, மற்றொன்று சற்றே கூடுதல் எடை உள்ளவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனாலும் சிக்கல் சிறியதல்ல என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

விடைகள்தான் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. தீனியைக் குறை என்றார்கள். நடத்திக் கூட்டிப் போ என்றார்கள். மாவுச்சத்துதான் குற்றவாளி என்றார்கள். மாத்திரை வந்தது, போனது. கடைசியாக மரபணு வந்து, எல்லா விடைகளையும் மறுபடி யோசிக்க வைத்திருக்கிறது.

எது பருமன்?

எடைக் கருவி காட்டும் எண் மட்டும் இதற்குப் போதாது. 30 கிலோ ஒரு லாப்ரடாருக்குச் சரியாக இருக்கலாம், இன்னொன்றுக்கு அதிகமாக இருக்கலாம். 1990களில் வகுக்கப்பட்ட ஒன்பது படி உடல்நிலை மதிப்பெண் முறை இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. கண்ணால் பார்த்து, கையால் தடவி மதிப்பிடுவதுதான் முறை. விலா எலும்பு அழுத்தாமலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். பக்கவாட்டில் வயிறு மேலேறி நிற்க வேண்டும். நான்கு அல்லது ஐந்து மதிப்பெண் பெறும் உடலே சரியான உடல். ஐந்துக்கு மேல் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் எடையைக் குறிக்கும்.

இந்த அளவுகோலையும் இனம் பார்த்தே வைக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு விலா வெளியே தெரிவது இயல்பு. அதைப் பட்டினி என்று எண்ணிச் சோற்றைக் கூட்டுவது தவறு. லாப்ரடாருக்கு விலா கண்ணில் படாது, கைக்குத்தான் படும்.

உரிமையாளர் கண் இதில் நம்பத்தக்கதல்ல என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடுதல் எடையுள்ள நாயைச் சரியான எடையில் இருப்பதாகவே பெரும்பாலோர் சொல்கிறார்கள். கண்காட்சி நாய்களைப் பார்த்துப் பழகியதும் ஒரு காரணமாக இருக்கலாம். பிரிட்டனின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் பங்கேற்ற நாய்களின் படங்களை மதிப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு, அவற்றில் 26 சதவீதம் கூடுதல் எடையோடு இருந்ததாகச் சொன்னது. நம் வீடுகளில் ‘கொழுகொழு’ என்பது பாராட்டுச் சொல். குழந்தைக்குச் சொல்வதை நாய்க்கும் சொல்லிவிடுகிறோம்.

இளைப்பதால் என்ன கிடைக்கும்?

இதற்குக் கிடைத்த மிக வலுவான விடை 48 லாப்ரடார்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் பியூரினா தீவன நிறுவனம் நடத்திய ஆய்வு அது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாக இணை சேர்த்தார்கள். இணையில் ஒன்று உண்ணும் அளவைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்ட குழுவின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றக் குழுவுக்கு 11.2 ஆண்டு. மூட்டு வலிக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் ஏறத்தாழ மூன்று ஆண்டு தள்ளிப்போனது. இதில் கவனிக்க வேண்டியது, கூடுதலாக உண்ட நாய்களும் பெரிய அளவில் பருத்தவை அல்ல. ஒன்பதுக்கு ஏறத்தாழ ஆறே முக்கால்தான் அவற்றின் சராசரி மதிப்பெண். நம் தெருவில் அப்படி ஒரு லாப்ரடாரைப் பார்த்தால் நல்ல உடம்பு என்றுதான் சொல்வோம்.

குறைகளும் உண்டு. ஒரே இனம், கூண்டு வாழ்க்கை, தீவன நிறுவனத்தின் பணம். ஆனால் 2019இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டு நாய்களின் மருத்துவமனைப் பதிவுகளை அலசியபோதும் அதே திசையில்தான் விடை வந்தது. பன்னிரண்டு இனங்களிலும் கூடுதல் எடை உள்ளவை முன்னதாகவே இறந்தன. இழப்பு இனத்துக்கு இனம் சில மாதங்களிலிருந்து இரண்டரை ஆண்டு வரை மாறியது. மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் பருத்த நாய்களில், உடல் எடையில் 6 சதவீதம் சொச்சம் குறைந்ததுமே நடை சீரடையத் தொடங்கியதாக 2010இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. 38 கிலோ நாய்க்கு அது இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு.

தீனியை அளந்து குறைப்பது

மிகப் பழைய விடையும் இன்றுவரை அசையாமல் நிற்கும் விடையும் இதுதான். செலவழிப்பதைவிடக் குறைவாக உள்ளே போனால் உடல் தன் கொழுப்பை எரிக்கும். எவ்வளவு குறைப்பது என்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. நாய் இருக்க வேண்டிய எடையை எடுத்து, அந்த எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கி (30 × 30 × 30 என்பதுபோல), வரும் எண்ணுக்கு இரண்டு முறை வர்க்கமூலம் கண்டு, 70ஆல் பெருக்க வேண்டும். 30 கிலோவுக்கு இது ஏறத்தாழ 900 கலோரி வரும். 38 கிலோவுக்குப் பருத்துவிட்ட லாப்ரடார் 30க்கு இறங்க வேண்டுமானால், நாளொன்றுக்கு இந்த 900 கலோரியிலிருந்து தொடங்கலாம். பின்னர் எடை இறங்கும் வேகத்தைப் பார்த்து மருத்துவர் கூட்டவோ குறைக்கவோ செய்வார்.

900 என்றால் என்ன என்று நம் சமையலறையில் வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். வெந்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. நான்கு கரண்டி சோறு சேர்ந்து 400 கிராம் என்றால் 520. காலையும் மாலையும் சேர்த்து அரை லிட்டர் பால் ஏறத்தாழ 300. தேநீர் வேளையில் ஆளுக்கொன்றாகப் போடும் மேரி பிஸ்கட் ஒவ்வொன்றும் 20 முதல் 25. நான்கு போட்டால் கணக்கு முடிந்துவிட்டது. கோழிக்கறி இன்னும் தட்டில் விழவே இல்லை. அதாவது, புரதம் வருவதற்கு முன்பே நாளின் பங்கு மாவிலும் பாலிலும் கரைந்துபோகிறது. கடைத் தீவனம் போடுபவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. உலர் தீவனம் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 350 முதல் 400 கலோரி வரை தரும். 900 கலோரிக்கு 240 கிராம் அளவே ஆகும். கிண்ணத்தில் அது மிகக் கொஞ்சமாகத் தெரியும். தம்ளரால் அளப்பது துல்லியமல்ல. ஒரே ஆள் ஒரே தம்ளரால் இருமுறை அளந்தாலும் அளவு மாறும் என்று சோதனைகள் காட்டியுள்ளன. சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுப்பதுதான் வழி.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவது பாதுகாப்பான வேகம் என்று பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். நடைமுறையில் அது இன்னும் மெதுவாகவே நடக்கும். எட்டுக் கிலோ குறைய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

இந்த முறையின் பலவீனம் இரண்டு. வழக்கமான தீனியையே மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் கலோரியோடு புரதமும் தாதுக்களும் வெட்டுப்படும். கொழுப்போடு தசையும் கரையும். புரதமும் நார்ச்சத்தும் கூட்டி, கலோரி குறைத்த மருத்துவத் தீவனங்கள் இதற்காகவே வந்தன. புரதம், நார் இரண்டும் சேர்ந்த உணவு நாயின் பசியை நன்றாக அடக்குகிறது என்பதற்கும் சான்று உண்டு. விலைதான் எல்லோருக்கும் எட்டாது.

இரண்டாவது பலவீனம் பெரியது. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பருத்த விலங்குகளுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. அங்கே சேர்ந்த 143 நாய்களில் இலக்கு எடையைத் தொட்டவை பத்துக்கு ஆறுதான். தொட்ட நாய்களைப் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வில், ஏறத்தாழ பாதி மறுபடி எடை போட்டிருந்தன. நிபுணர் கண்காணிப்பு, சிறப்புத் தீவனம், மாதந்தோறும் எடை பார்த்தல் எல்லாம் இருந்தும் இதுதான் நிலை.

நடை

நாயை நடத்தினால் இளைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. கணக்கு அதற்கு அவ்வளவாகத் துணை நிற்கவில்லை. நடக்கும் நாய் கிலோமீட்டருக்குத் தன் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவிடும் என்று கொள்ளலாம். 30 கிலோ நாய் மூன்று கிலோமீட்டர் நடந்தால் சுமார் 90 கலோரி. நான்கு மேரி பிஸ்கட் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். தீனி குறைத்த நாய்களையும் நடை மட்டும் கூட்டிய நாய்களையும் ஒப்பிட்ட ஒரு சிறு ஆய்விலும் முதல் குழுதான் குறிப்பிடத்தக்க அளவு இளைத்தது.

அதனால் நடை வீண் என்று முடிவு கட்டுவது பிழை. டென்மார்க்கில் செய்த ஓர் ஆய்வில், தீனிக் குறைப்போடு உடற்பயிற்சியும் பெற்ற நாய்கள் தசையைக் காத்துக்கொண்டன. தீனி மட்டும் குறைத்தவை தசையையும் இழந்தன. தசை இருந்தால்தான் மூட்டைத் தாங்கும், ஓய்விலும் கலோரி செலவாகும். நம் ஊர் வெயிலில் இதற்கு ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். நாய்க்கு உடல் சூட்டைத் தணிக்க நாக்கை நீட்டி மூச்சு வாங்குவதுதான் முதன்மையான வழி. பருத்த நாய்க்கு வெப்பத் தாக்கு ஏற்படும் ஆபத்து கூடுதல். சூரியன் எழும் முன் நடத்துவது, நீச்சல் பிடிக்கும் நாயென்றால் பாதுகாப்பான நீரில் விடுவது, மூட்டு நோகும் நாயைப் படிக்கட்டில் ஏற்றாமல் இருப்பது ஆகியவை கட்டாயம்.

‘இயற்கை’ உணவு என்னும் வாதம்

1993இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் எழுதிய நூல், பச்சை இறைச்சியும் எலும்புமே நாயின் மூதாதை உணவு என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. தீவனத்தின் மாவுச்சத்தே பருமனுக்குக் காரணம் என்பது அதன் நீட்சி. இதற்கு எதிரான வலுவான சான்று மரபணுவிலிருந்து வந்தது. 2013இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் பல மடங்கு இருப்பதைக் காட்டியது. மனிதனோடு வாழத் தொடங்கிய நாய், மனிதன் போட்ட கஞ்சியையும் உண்ணப் பழகியிருக்கிறது. கொழுப்பு நிறைந்த இறைச்சியில் கலோரியும் நிறைந்திருக்கும் என்பது இந்த வாதம் பேசும்போது மறந்துபோகும் செய்தி. பச்சை இறைச்சியோடு வரும் சால்மனெல்லா போன்ற கிருமிகள் வீட்டாருக்கும் ஆபத்து.

இந்த வாதத்தில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சோறு குறைத்து இறைச்சியும் காயும் கூட்டிய தட்டில் புரதம் உயரும், பசி அடங்கும். ஆனால் பயன் தருவது பச்சையாகக் கொடுப்பதல்ல, விகிதம் மாறுவதுதான். வீட்டுச் சமையலுக்கும் ஒரு வரம்பு உண்டு. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 200 வீட்டு நாயுணவுச் செய்முறைகளை அலசி 2013இல் வெளியிட்ட முடிவு, அவற்றில் 95 சதவீதத்தில் குறைந்தது ஓர் இன்றியமையாத சத்தாவது போதவில்லை என்றது. நீண்ட நாள் வீட்டுச் சமையலிலேயே இளைக்கவைக்க விரும்புபவர் கால்சியம், தாது, உயிர்ச்சத்து குறித்து மருத்துவரைக் கேட்டே தீர வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு மருந்தும் உண்டு: இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. நாய்க்கும் கொள்ளு வேகவைத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கொள்ளில் புரதமும் நாரும் நிறைய. அது சோற்றுக்குப் பதிலாக வந்தால் பயன் தரலாம். சோற்றோடு கூடுதலாக வந்தால் அதுவும் இன்னொரு தீனிதான். தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும் என்பதை மட்டும் தயங்காமல் மறுக்கலாம். ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி அளவுக்கு இருக்கும் பொருள் அது. வெள்ளரி, பீன்ஸ், கேரட் துண்டுகள் பிஸ்கட்டின் இடத்தைப் பிடிக்க ஏற்றவை. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா இனிப்புகள் நாய்க்கு நஞ்சு.

மாத்திரை

2007 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நாயின் பருமனுக்கென்றே முதல் மருந்தை அனுமதித்தது. டைர்லோட்டபைட் என்பது அதன் பெயர். குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுத்து, பசியையும் மட்டுப்படுத்தியது. வாந்தியும் பேதியும் பக்கவிளைவுகள். மருந்தை நிறுத்தியதும் பசி திரும்பியது. பின்னர் அது சந்தையிலிருந்தே விலகிவிட்டது. மனிதருக்கான எடைக்குறைப்பு ஊசிகளைத் தாமாகவே நாய்க்குப் போட எவரும் நினைக்கக் கூடாது.

பசி யாருடைய குற்றம்?

இதுவரையான விடைகள் எல்லாமே உரிமையாளர் உறுதியாக இருந்தால் போதும் என்று கருதின. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தை அசைத்தது. வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் வேலையில் பங்குபெறும் பொம்சி என்ற மரபணுவில், 14 எழுத்துகள் விடுபட்ட நிலையை லாப்ரடார்களில் கண்டார்கள். பிரிட்டன் லாப்ரடார்களில் ஏறத்தாழ 23 சதவீதம் குறைந்தது ஒரு பிரதியையாவது சுமந்தன. ஒவ்வொரு பிரதிக்கும் எடை சராசரியாக ஏறத்தாழ இரண்டு கிலோ கூடியது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கப்படும் லாப்ரடார்களில் இது 76 சதவீதத்தில் இருந்தது. தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாயைத் தேர்ந்தெடுத்தபோது, அறியாமலே பசிக்கும் நாயைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். நிரூபிக்கப்பட்டதென்று சொல்ல முடியாவிட்டாலும் ஏற்கத்தக்க விளக்கம்.

2024இல் அதே குழு இன்னும் நெருங்கிப் பார்த்தது. காலைத் தீனி தின்று மூன்று மணி நேரம் கழித்து, துளையிட்ட பெட்டிக்குள் தொத்திறைச்சியை வைத்தார்கள். நாய்க்குத் தெரியும், மணக்கும், எட்டாது. மரபணுக் குறையுள்ள நாய்கள் மற்றவற்றைவிடக் கூடுதல் முனைப்போடு அதை எடுக்க முயன்றன. ஒரு வேளையில் வயிறு நிறைய அவற்றுக்குக் கூடுதல் தீனி தேவைப்படவில்லை. வேளைக்கு வேளை இடையில்தான் பசித்தன. அத்தோடு ஓய்வில் அவை செலவிட்ட கலோரியும் ஏறத்தாழ கால் பங்கு குறைவு. 2025இல் இன்னொரு மரபணுவும் லாப்ரடார் பருமனோடு தொடர்புபடுத்தப்பட்டது. அந்த ஆய்வின் இன்னொரு செய்தி முக்கியமானது: பருமனுக்கான மரபுச் சுமை அதிகமுள்ள நாயையும் கண்டிப்பான தீனியாலும் நடையாலும் ஒல்லியாக வைத்திருக்க முடிந்தது. அதற்கு உரிமையாளர் செலவிட்ட உழைப்புதான் மற்றவர்களைவிட அதிகம்.

எனவே, ‘நாயை ஒழுங்காக வளர்க்கத் தெரியவில்லை’ என்ற வசை பல வீடுகளுக்கு அநியாயமானது. தின்று முடித்த தட்டை நக்கிக்கொண்டு நம்மையே பார்க்கும் அந்த லாப்ரடார் நடிக்கவில்லை. அதற்கு உண்மையாகவே பசிக்கிறது.

கருத்தடை அறுவையும் இந்தப் பட்டியலில் சேரும். அதன்பின் நாயின் கலோரித் தேவை 20 முதல் 30 சதவீதம் வரை குறையலாம். அறுவை முடிந்து வீட்டுக்கு வரும் நாளிலேயே தீனியைத் திருத்தி எழுதிக்கொடுப்பது மருத்துவமனைகளின் வழக்கமானால் பல நாய்கள் பருக்காமலே தப்பும். தைராய்டு குறைவும் குஷிங் நோயும் எடை கூட்டக்கூடியவை. ஸ்டீராய்டு மருந்துகளும் பசியைத் தூண்டும். தீனியைக் குறைக்கும் முன் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

வீடு

1998இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு, பருத்த நாய்களின் உரிமையாளர்கள் தம் நாயோடு அதிகம் பேசுவதையும், அது உண்ணும்போது அருகில் இருந்து பார்ப்பதையும், படுக்கையில் இடம் தருவதையும் கண்டது. பருமன் பல வீடுகளில் அலட்சியத்தால் அல்ல, அன்பால் வருகிறது என்பதே இதன் பொருள். கூட்டுக் குடும்பத்தில் இது பெருகும். தாத்தா காலையில் ஒரு பிஸ்கட், பள்ளி விட்டு வரும் பிள்ளை ஒன்று, இரவுச் சாப்பாட்டில் பாட்டி ஒரு கவளம். யாரும் அதிகம் போடவில்லை. நாய் அதிகம் தின்றுவிட்டது. நாளின் தீனியைக் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் எடுத்து வைத்து, எவர் கொடுத்தாலும் அதிலிருந்தே கொடுப்பது என்ற முறை எளியது. நிபுணர்கள் சொல்லும் அறிவுரைகளில் நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது இதுவே என்பது என் கருத்து. இனாமாகப் போடும் தின்பண்டம் நாளின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. 900இல் அது 90.

ஒரு வேளை போடுவதா, இரண்டு வேளையா? அமெரிக்காவின் நாய் முதுமைத் திட்டம் 2022இல் வெளியிட்ட முடிவில், நாளுக்கு ஒருமுறை உண்ணும் நாய்களுக்குச் சில நோய்கள் குறைவாகக் காணப்பட்டன. உரிமையாளர்கள் நிரப்பிய வினாத்தாளை ஒரு காலப்புள்ளியில் பார்த்த முடிவு அது. ஒரு வேளை உணவால் நலம் வந்ததா, நலமுள்ள நாய்க்கு ஒரு வேளை போதுமானதா என்று அது சொல்லாது. வேளைக்கு இடையே பசிக்கும் லாப்ரடாருக்கு அதே கலோரியை மூன்றாகப் பிரிப்பதே இரக்கமான வழியாகத் தோன்றுகிறது.

இன்னும் முடியாதவை

தீனிக் குறைப்பால் நாய் இளைக்கும் என்பதில் ஐயமில்லை. இளைத்த எடையை எப்படித் தக்கவைப்பது என்பதற்குத்தான் உறுதியான விடை இல்லை. இளைக்கவைத்த தீனியையே அளவு சற்றுக் கூட்டித் தொடர்ந்த நாய்கள், பழைய தீனிக்குத் திரும்பியவற்றைவிடக் குறைவாக எடை போட்டன என்று லிவர்பூல் முடிவு காட்டுகிறது. ஆனால் அதில் இருந்த நாய்கள் சில டஜன் மட்டுமே. மரபணுவால் பசிக்கும் நாயை வாழ்நாள் முழுக்க அரைப்பசியில் வைத்திருப்பது அதற்குச் செய்யும் நன்மையா என்ற கேள்வியும் திறந்தே இருக்கிறது. வலியில்லாமல் நடக்கும் கூடுதல் ஆண்டுகளை ஒரு தட்டிலும் அன்றாடப் பசியை மறு தட்டிலும் வைத்தால், என் மதிப்பீட்டில் முதல் தட்டே கனக்கிறது. நார், புரதம், பிரித்துப் போடும் வேளைகள் வழியாகப் பசியைத் தணிக்கும் கடமை அதோடு சேர்ந்தே வருகிறது. மேற்சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில், கடைத் தீவனம் உண்ணும் நாய்களைக் கொண்டு செய்யப்பட்டவை. சோறும் தயிரும் உண்ணும் நம் வீட்டு நாய்களுக்கு அவற்றின் எண்களை அப்படியே பொருத்தக் கூடாது.

உங்கள் நாயின் விலாவில் இன்று கைவைத்துப் பாருங்கள். எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால், தட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் கொண்டுபோய் எடை பாருங்கள். இலக்கைத் தொட்ட பிறகும் மாதம் ஒருமுறை எடை பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.